கடையை இடிக்காமல் ஷட்டரை இறக்குவது

இதய மருத்துவமனையில் ஆலோசகர் வேலை என்பது, டாக்டர் ஒரு முறை சொன்னதை நோயாளி நம்பும்வரை சொல்லிக்கொண்டிருப்பது. அதில் தொண்டை கட்டியவர்கள் எங்களில் நிறையப் பேர்.

வெறும் வயிறு

அம்பாசமுத்திரத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் கணபதி அண்ணாச்சி. அவருடைய அப்பாவும் மூத்த அண்ணனும் ஐம்பதைத் தொடுமுன் மாரடைப்பில் போனவர்கள். அண்ணாச்சிக்கு நாற்பத்தாறு. கொழுப்புப் பரிசோதனைக்கு ராத்திரியிலிருந்து விரதம் மாதிரி இருந்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். நெற்றியில் திருநீறும் வாயில் சட்னி வாசனையுமாக வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"விரதம்னா பலகாரம் உண்டுல்லா? நாலு இட்லிதான். சோத்துப் பருக்கை தொடலையே, தாயி."

ஷட்டர்

மறுநாள் எடுத்த ரத்தத்தில் கெட்ட கொழுப்பு பயப்படும் அளவில் இருந்தது. ஆளோ ஒல்லி. இது சாப்பாட்டில் வந்ததல்ல, குடும்பத்தில் வந்தது என்றேன். தினமும் மாத்திரை என்றதும் சோர்ந்துபோனார்.

உற்சாகப்படுத்தத்தான் அந்த ஆராய்ச்சியைச் சொன்னேன். கெட்ட கொழுப்பைக் கல்லீரல் முழுதாக அள்ளவிடாமல் ஒரு மரபணு தடுக்கிறது. அதை வெட்டாமல், அதன் எழுத்துகளை மாற்றாமல், மேலே ஒரு வேதிக் குறியை வைத்து அடக்கப் பார்க்கிறார்கள். ஒரே ஊசி நெடுநாள் தாங்கும் என்று நம்பிக்கை. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ கடையை இடிக்கல. ஷட்டரை மட்டும் எறக்கிப் பூட்டுதாக."

கை நீட்ட ஆள்

இவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஊசிதான் வரப்போகிறதே, தினமும் எதற்கு மருந்து என்கிறாராம். மனைவி செண்பகம் அக்கா இழுத்துக்கொண்டு வந்தார். ஊசி எப்போது வரும், நமக்குக் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது என்று மன்றாடினேன். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊசி பைய வரட்டும். வாறப்ப கை நீட்ட நீங்க இருக்கணும்லா? ஒங்கப்பாவும் அண்ணனும் இருக்காகளா?"

அடுத்த கை

மறுபடி மாத்திரை போட ஆரம்பித்த சில மாதத்தில், கெட்ட கொழுப்பு டாக்டர் கேட்ட அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. முடிவுத் தாளை உயர்த்திப் பிடித்தபடி அண்ணாச்சி காத்திருப்போர் நடுவே ஒரு சுற்று வந்தார். பின்னாலேயே அவர் தம்பி. பரிசோதனைக்கு இதுவரை பிடிகொடுக்காதவர். அவர் தோளை அழுத்தி அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவைத்தார்.

"சட்டைக் கையை மடக்குலே. அந்த ஊசி வாறப்ப வரிசையில எனக்குப் பின்னால நீ நிக்கணும்."

இன்னும் வராத மருந்தைக் காட்டி இருக்கிற மருந்தைச் சாப்பிட வைப்பதைத்தான் எங்கள் தொழிலில் வெற்றி என்று சொல்லிக்கொள்கிறோம்.