வைன் தோட்டத்தில் ஒரு வட்டவிதானை

ஒஸ்ரேலியாவுக்கு உல்லாசப் பயணம் போன ஜவுபர் வட்டவிதானையார் வைன் தோட்டத்துக்குள் புகுந்து கலாட்டா பண்ணினார் என்று கல்முனைக் கடைத்தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மனிசன் மௌத்தாகி அடக்கம் பண்ணி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கலாட்டா பண்ணியது உண்மை. சிரிப்பதற்குத்தான் அதில் ஒன்றுமில்லை.

நாவிதன்வெளிப் பக்கம் நூற்றிச் சொச்சம் ஏக்கர் வயல் கொண்ட ஒரு கண்டத்துக்குப் பதினேழு வருஷம் அவர்தான் வட்டவிதானை. வாய்க்காலில் வருகிற தண்ணீரை முறை வைத்து வயல் வயலாகப் பங்கிடுவது அவர் பொறுப்பு. வாய்க்கால் தண்ணீரைத் திறந்து மூடுகிற துருசுக் கதவுப் பூட்டின் திறப்பு அவருடைய பச்சைப் பெல்ட்டில் தொங்கும். மேல்வயல்காரன் எவனாவது கள்ளமாக வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் அவனுடைய வாப்பாவையும் சேர்த்து ஏசுவார். கண்டத்தின் ஆகக் கடைசி வயல் சாமித்தம்பியுடையது. இரண்டே ஏக்கர். முறை நாளில் அந்த இரண்டு ஏக்கரில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் காணாமல் ஜவுபர் சோறு தின்ன வீட்டுக்கு வந்ததில்லை.

அடிலெய்டில் இருக்கும் மகள் றிப்னா, போன வருஷம் டிக்கெட் போட்டு அனுப்பினாள். ஜனவரி மாதம். மழை முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது. பெரும்போக நெல் குடலையாகப் போகிற நேரம். தாளுக்குள் கதிர் உருவாகும்போது தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு கடலையே கொண்டுவந்து ஊற்றினாலும் பதர்தான். நெல் வெட்டு முடிந்து வருகிறேன் என்றார் ஜவுபர். மருமகன் அஸ்ஹருக்கு லீவு ஜனவரியில்தான் என்றாள் மகள். ஆறு வருஷமாகப் பிள்ளையைக் காணாத மனைவி கமீலா சும்மா இருந்து அழுதார். ஜவுபர் திறப்பைக் கழற்றி, கமீலாவின் தம்பி காலிதீனிடம் கொடுத்துவிட்டு அவரோடு பிளேன் ஏறினார். காலிதீனின் வயல் வாய்க்காலின் தலைமாட்டில் இருந்தது.

மூன்றாவது கிழமை, வைன் செய்கிற ஊர்களைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. சாராயம் வடிக்கிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று ஜவுபர் கேட்டார். குடிக்க இல்லை வாப்பா, தோட்டம் பார்க்கத்தான், திராட்சைப் பழம் ஹலால்தானே என்று றிப்னா சமாளித்தாள். வேன் பாதி தூரம் போயிருக்கும்போது சாமித்தம்பியின் வட்ஸ்அப் வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை, வீடியோ மட்டும். கை நுழைகிற அளவுக்கு வெடித்த வயல். ஜவுபர் காலிதீனுக்கு எடுத்தார். மணி அடித்தது. திரும்ப எடுத்தார். பிறகு போன் ஓஃப்.

தோட்டத்தில் இறங்க மாட்டேன் என்று இருந்தவரைக் கமீலாதான் இறக்கினார். மேடு பள்ளமெல்லாம் கோடு போட்டது மாதிரிக் கொடிகள், குலை குலையாகக் கறுத்த பழம். ஜவுபரின் கண் பழத்துக்குப் போகவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். தூளாய்க் கொட்டியது. கொடிக்குக் கீழே கறுப்புக் குழாய் ஓடியிருக்க, மண் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். சுற்றிக் காட்டிய பெண் சந்தோஷமாக விளக்கினாள். றிப்னா அதைத் தமிழில் சொன்னாள்.

"பழுக்கிற காலத்தில தண்ணிய நிப்பாட்டிருவாங்களாம் வாப்பா. தாகத்தில கிடந்தாத்தான் பழம் ருசியா வருமாம்."

"ஆர்ர தாகத்தில ஆருக்கு ருசி?"

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. ஜவுபரும் காத்திருக்கவில்லை. வரிசை முனையில் சிவப்புக் கைபிடி வைத்த குழாய் ஒன்று இருந்தது. விறுவிறுவென்று போய் அதைத் திருப்பிவிட்டார். குழாய் சீறியது. கொடிக்குக் கொடி சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. பெண் ஓடி வந்தாள். கிளாஸோடு நின்ற உல்லாசப் பயணிகள் சிரித்தார்கள், இரண்டு பேர் படம் பிடித்தார்கள். அஸ்ஹர் குழாயைப் பூட்டிவிட்டுப் பல தடவை மன்னிப்புக் கேட்டான். ஊருக்குக் கதை போனதும் அவன் வாயால்தான்.

வேனில் றிப்னா அழுதுகொண்டே ஏசினாள்: "மானம் போச்சு வாப்பா. அது அவங்கட தோட்டம், அவங்கட தண்ணி."

"ஓம், அவங்கட தண்ணி. அவங்க பூட்டட்டும்" என்றார் ஜவுபர். "என்ட இடுப்பில கிடந்த திறப்ப நான்தானே கழட்டிக் குடுத்தன். குடுத்துட்டு வந்து இஞ்ச நிண்டு திராட்சை பாக்கிறன்."

அன்றைக்கே டிக்கெட்டை மாற்றச் சொன்னார். இன்னும் ஒரு மாதம் இருக்கத் தவணை இருந்தது. கமீலா மகளைக் கட்டிப் பிடித்தபடியே விமான நிலையத்தில் நின்றார்.

ஜவுபர் நேராக வயலுக்குப் போனார். தலைமாட்டில் காலிதீனின் வயல், கணுக்கால் தண்ணீரில் பச்சைப் பசேலென்று நின்றது. கீழே போகப் போக மஞ்சள். சாமித்தம்பியின் இரண்டு ஏக்கரும் வெள்ளைக் கதிர். ஒன்றைப் பிடித்து இழுத்தார்; நோகாமல் கையோடு வந்தது. சாமித்தம்பி வரம்பில் நின்றார். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் ஜவுபருக்கு லேசாக இருந்திருக்கும்.

பின்னால் வந்த காலிதீன், "மச்சான், நெல்லு ரெண்டு கிழம தாங்கும் எண்டு நெனச்சிட்டன்" என்றான்.

"அந்த ரெண்டு கிழமய உன்ட வயலுக்கு ஏன்டா காட்டல்ல?"

ஜவுபர் திறப்பைப் பறித்துக்கொண்டு போய்த் துருசைத் திறந்தார். பிரயோசனமில்லாத தண்ணீர்தான். என்றாலும், செத்த அந்தக் கடைசி வயலில் அது ஏறி நிரம்பும்வரை வெயிலில் நின்றார்.

அதற்குப் பிறகு அந்தத் திறப்பு அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இந்த வருஷமும் றிப்னா கூப்பிட்டாள். வெட்டு முடியட்டும் என்றார். வெட்டு முடிந்தது, அவரும் முடிந்தார். கடைசியாக மகள் முகத்தைப் பார்க்க அவருக்கும் கிடைக்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கும் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் கடைத்தெரு சிரிக்கிறது.

குளிப்பாட்டும்போது பெல்ட்டைக் கழற்றி உள்ளே கமீலாவிடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலிதீன் வந்தான். அடுத்த கூட்டத்தில் புது வட்டவிதானையைத் தெரிவு செய்யும்வரை திறப்பு குடும்பத்திலேயே இருந்தால் நல்லது, நான் வைத்துக்கொள்கிறேன் ராத்தா என்று பணிவாகச் சொன்னான். கணவனை இழந்தவள் வேற்று ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்த கமீலா, முற்றத்தில் ஆட்கள் இருந்ததால் அறை வாசல் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டார். பிறகு கையை மட்டும் நீட்டித் திறப்பைக் கொடுத்தார்.

"முத்தத்தில சாமித்தம்பி இருக்கிறார். உன்ட கையால அவர்ர கையில குடு. அவர்ர வயலுக்குத் தண்ணி போச்செண்டா மத்த எல்லாருக்கும் போயிருக்கும்."

காலிதீன் நின்றான்.

"போ" என்றார் கமீலா. "நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கன்."