தண்ணீருக்குள் இருந்த மாப்பிள்ளை ஊர்

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார். உர மூட்டை வாங்கினால் தையலைப் பிரித்து, முழங்கைவரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவார். பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் சொன்ன பிரசங்கத்தையே வெளியே வந்து கோயில் உபதேசியாரிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார். "ஒங்கண்ணன் சாமியக்கூட ரெண்டு எடத்துல விசாரிச்சுட்டுத்தான் கும்புடுவாரு" என்று அம்மா அத்தையிடம் சொல்வாள். அத்தை சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நிற்கவும் ஒரு காலம் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அத்தை நடக்கப் பழகுவதற்கு முன்பே பெற்றவர்கள் இருவரும் போய்ச்சேர்ந்துவிட்டதால் அப்பாதான் அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டு, டீச்சர் டிரெயினிங் வரை படிக்கவைத்தார். மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததும் வரன்கள் வர ஆரம்பித்தன. வந்த வேகத்தில் போகவும் செய்தன. ஒருவர் தேவைக்கு மேல் சிரித்தார், அதனால் வேண்டாம். இன்னொருவர் சிரிக்கவே இல்லை, அதனாலும் வேண்டாம். மூன்றாமவர் கொதிக்கிற காப்பியை ஊதாமல் குடித்துவிட்டார். "சூடு சொரணை இல்லாதவன், இவன நம்பி எப்புடிக் குடுக்குறது?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் அப்போது பட்டது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. அவர் எங்கே வேலை பார்த்தாலும், எங்கே வீடு கட்டியிருந்தாலும், பூர்வீகம் எதுவென்று கேட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊருக்குப் போக வேண்டும். டீக்கடையில் ஒரு டீ. சலூனில் ஒரு ஷேவிங். கோயில் உபதேசியாரிடம் திருவிழா எப்போது என்று கேட்பதுபோல ஒரு பேச்சு. அவ்வளவுதான், மூன்று தலைமுறைக் கதையும் தானாக வந்து விழும். அப்பா அப்படிப் போய் வந்த ஊர்கள் நிறைய. ஒவ்வொரு ஊரிலிருந்தும் மழமழவென்ற முகத்தோடு திரும்பி வந்து, "சரிப்பட்டு வராது" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மாப்பிள்ளை வந்தார். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வந்தவர், அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்திருந்தார். காப்பியை ஊதி ஊதித்தான் குடித்தார். அளவாகச் சிரித்தார். அப்பாவுக்குக் குறை ஒன்றும் அகப்படவில்லை.

"பூர்வீகம் எதுங்க?"

"மேட்டூருங்க."

"மேட்டூர்ல எங்க?"

"அணைக்குள்ளங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை பதறாமல் விளக்கினார். மேட்டூரில் அணை கட்டியபோது அவருடைய தாத்தாவின் ஊர் தண்ணீருக்குள் போய்விட்டதாம். ஊர் சனமெல்லாம் கரையேறி மேட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்களாம். அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் மாதா கோயில் கோபுரம் மட்டும் வெளியே தெரியுமாம். உள்ளே அடுக்களையில் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று முழுவதும், பருப்பு எங்கே என்று அம்மா கேட்டாலும் "அணைக்குள்ளங்க" என்றாள், சீப்பு எங்கே என்று நான் கேட்டாலும் "அணைக்குள்ளங்க" என்றாள். அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்பது எனக்கே தெரிந்தது.

அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? "பூர்வீகத்தத் தண்ணிக்குள்ள வச்சிருக்கான். யாரப் போயி விசாரிக்கிறது, மீனையா?" என்றார். இப்போது குடியிருக்கிற ஊரில் விசாரித்தால் என்ன என்று அம்மா கேட்டாள். "அங்க இருக்கிறவன் பூரா இவனோட கரையேறுனவன். ஒருத்தன ஒருத்தன் விட்டுக்குடுப்பானா?" என்று அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

அப்பாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வெளிநாடு என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆசையும் பயமும் சேர்ந்து வந்த காலம் அது. துபாய்க்கு ஏஜெண்டைப் பிடித்துப் போன பக்கத்துத் தெரு ஆள் பம்பாயைத் தாண்டவில்லை. சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்த பெண்ணின் புருஷன் நாகூரில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்ததை எங்கள் ஊர்க்காரர்களே பார்த்துவிட்டு வந்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அப்பா அளந்து முடித்துப் போட்டதை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"கோபுரம் தெரியட்டும். கண்ணால பாத்துட்டுப் பேசுவோம்" என்று அப்பா சொல்லியனுப்பினார். நியாயமாக அந்த இடத்தில் கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டிய மாப்பிள்ளை, "நீங்க சொன்னாச் சரிங்க" என்று குவைத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் நிலம் கடைமடையில் இருந்தது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஆறு, வாய்க்கால் எல்லாம் கடந்து, மற்ற எல்லோரும் குளித்து முடித்த பிறகு எங்களுக்கு வரும். அணை நிறைந்தால்தான் எங்களுக்குச் சோறு. இப்போது அதே அணை வற்றினால்தான் அத்தைக்குக் கல்யாணம். மாதாவே, இப்படியும் ஒரு முடிச்சு விழுமா!

காலையில் ரேடியோவில் அணையின் நீர்மட்டம் சொல்லும்போது வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்த வருஷம் அணை நிறைந்தது. அடுத்த வருஷமும் நிறைந்தது. அப்பா அந்த இரண்டு வருஷமும் ரேடியோவை அணைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டை முனகியபடி வயலுக்குப் போவார். அத்தை சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவளோடு டிரெயினிங் படித்தவர்களின் பிள்ளைகள் அவளிடமே ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். "அணைக்குள்ளங்க" என்று அவள் சொல்வது எப்போதோ நின்றுபோயிருந்தது.

மூன்றாம் வருஷம் மழை ஏமாற்றியது. தண்ணீர் திறக்கிற நாளும் வந்தது, திறக்கவில்லை. குறுவை போச்சு என்று ஆண்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆள் மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். நீர்மட்டம் இறங்க இறங்க அத்தைக்கு நடையே மாறிவிட்டது. எனக்கு அவள்மேல் சந்தேகம் விழுந்தது. அப்பா பெற்ற பெண் அல்லவா நான்!

மழை வேண்டி மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே காய்ந்த வாய்க்கால்வரை ஜெபமாலை சொல்லிப் போனது. நான் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தேன். உதடு அசையவே இல்லை.

"ஏன் அத்த நீங்க சொல்லல?"

"தொண்ட கட்டிக்கிச்சுடி."

பொய். அன்று காலையில்தான் குளிக்கும்போது பாடினாள். ஊருக்கே தண்ணீர் வேண்டாம் என்று நினைக்கிறவள் ஒருத்தி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்று எனக்குப் பகீரென்றது. யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் அப்பா டீக்கடையிலிருந்து வழக்கமாகக் கொண்டுவரும் பேப்பரைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றார். சாயங்காலம் அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து அதே பேப்பரைக் கொண்டுவந்து, அப்பாவின் கட்டிலில் விரித்து வைத்தாள். வெடித்துக் கிடந்த சேற்றுக்கு நடுவில் ஒரு மாதா கோயில் கோபுரம் நின்ற படம் அதில் இருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"போட்டாவுல என்ன வேணாலும் காட்டலாம்."

"அப்ப நேர்ல போயிப் பாத்துட்டு வாங்கண்ணே" என்றாள் அத்தை. அப்பாவுக்கு எதிரில் அவள் நிமிர்ந்து பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

குழந்தையோடு போனால் விசாரிக்க வந்தவர் என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தஞ்சாவூர், திருச்சி, சேலம் என்று பஸ் மாறி மாறி மேட்டூர் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அணையின் மேல்பக்கம் போய் இறங்கினோம். தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஆட்கள் நிலக்கடலை விதைத்திருந்தார்கள். நடுவில் கோபுரம், சத்தியமாக, நின்றுகொண்டிருந்தது.

அப்பா அதைச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டினார். காரையை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். பக்கத்தில் கடலைக்குக் களை கொத்திக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். அம்மாவைவிட மூத்தவளாக இருப்பாள்.

"ஏந்தம்பி, பொண்ணு வீடுங்களா?"

"இல்லீங்க, சும்மா சுத்திப் பாக்க வந்தோம்."

"சுத்திப் பாக்குறவங்க பாத்துட்டுப் போயிருவாங்க. செவுத்தச் சொரண்டுறது பொண்ணு வீட்டுக்காரங்கதான்" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "அணை நெறஞ்சே கெடந்தா எங்க பசங்களுக்குக் கல்யாணமே ஆவறதில்லீங்க. வத்துனாத்தான் ஆள் வருது."

வேஷம் கலைந்துவிட்டது. அப்பா மாப்பிள்ளையின் தாத்தா பெயரைச் சொல்லி, வீடு எங்கே இருந்தது என்று கேட்டார். அந்த அம்மாள் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, மண்ணில் வரிசையாகத் தெரிந்த கற்களைக் காட்டினாள். அவளுடைய அப்பா அவளுக்குக் காட்டிக்கொடுத்ததாம். இது அவர்கள் வீட்டு வாசற்படி. அது அந்த அம்மாளின் வீட்டு வாசற்படி. இடையில் ஓடியது தெரு. நான் அந்தத் தெருவில் ஓடிப்போய்த் திரும்பி வந்தேன்.

"எந்த ஊருங்க நீங்க?"

"மன்னார்குடி பக்கம்."

"ஓ, இங்கேர்ந்து தண்ணி போவுதே, அந்த ஊருங்களா" என்றாள் அந்த அம்மாள், ஏதோ உறவுக்காரர் ஊரைக் கேட்டதுபோல. அப்பா கோபுரத்தைப் பார்த்தார், காலடியில் இருந்த கற்களைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பம் எப்படி என்று கேட்டார்.

"நல்ல குடும்பந்தான். ஒரே ஒரு கொறைதான் உண்டு."

அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. "என்ன கொறை?"

"யாரு என்ன சொன்னாலும் நம்பிருவாங்க. இந்த வருசம் இவ்வளவு தூரம் தண்ணி ஏறாதுன்னு யாரோ சொன்னதக் கேட்டு அந்தத் தாத்தா கேவுரு வெதச்சாரு. கதிரு முத்தி நின்னப்ப முழுங்கிருச்சு. அந்தப் பையனும் அப்படித்தான். எங்கியோ பொண்ணு பாத்துட்டு வந்து, கோபுரம் தெரிஞ்சாக் குடுப்பாங்கன்னு ரெண்டு வருசமா வேற எடமே பாக்கமாட்டேங்குறான்."

அப்பா வாசற்படிக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு ஒங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

"தங்கச்சிங்க. நாந்தான் வளத்தேன்."

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் களை கொத்தப் போய்விட்டாள்.

அடுத்த தை மாதம் அத்தைக்குக் கல்யாணம் நடந்ததும், பாஸ்போர்ட் எடுத்துக் குவைத்துக்குப் போனதும், பிறகு அங்கேயே இருந்துவிட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு மறக்காமல் இருப்பது அன்று திரும்பி வந்த பஸ். அப்பா கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைப் பார்க்காமலேயே பையில் போட்டுக்கொண்டார். நாமக்கல் தாண்டியதும் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் தெரிந்தது, அப்பா அழுகிறார்.

காரணம் எனக்குத் தெரியும். அணை காய்ந்து கிடந்ததை நானும் பார்த்தேனே. எங்கள் ஊரில் அந்த வருஷம் எத்தனையோ ஆண்கள் அதற்காக அழுததையும் பார்த்திருக்கிறேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பெரிய மனுஷிபோலச் சொன்னேன்:

"அழுவாதீங்கப்பா. மழ பெஞ்சிரும். சீக்கிரமே அணை நெறஞ்சிரும்ப்பா."

அப்பா துண்டை எடுக்காமலே என் தலையைத் தடவினார்.

"ரெண்டு வருஷமா நெறஞ்சுதாம்மா கெடந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு முன்னைவிட அதிகமாக அழுதார். நிறைந்து கிடந்ததற்காக ஒரு விவசாயி ஏன் அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னால் நம்புவார் என்று நினைத்து, அணை நெறஞ்சிரும்ப்பா, கோபுரமெல்லாம் முங்கிரும்ப்பா என்று திருச்சி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.