ரெண்டு வருஷத்து டர்போ

எங்கள் லோரியின் வயதைக் கேட்டால் நான் இரண்டு பதில் சொல்ல வேண்டும். உடம்பு பழைய மாடல். இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் உள்பாகம் ஏழெட்டு வருஷம் பிந்திய மாடல். இப்போது முழுப் பாரத்தோடு மேடு ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. லேசாக விசிலடித்துக்கொண்டே ஏறுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுவார். நான் அதை ஏற்றிக்கொண்டு போய் ஜாசின் பக்கத்து எண்ணெய் ஆலையில் போடுவேன். ஆலை வாசலில் வரிசை பிடித்து நிற்கும் லோரிகளில் பொம்பளை டிரைவர் நான் ஒருத்திதான். அதற்கேற்ற வாயும் எனக்கு உண்டு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதைவிட மட்டு என்பது என் சொந்த அனுபவம்.

டர்போ போனபோது லோரி கரும்புகை கக்கிக்கொண்டு நடைவண்டியாகிவிட்டது. அந்த மாடலுக்கு இனிமேல் டர்போ வராது என்று எல்லாரும் கைவிரித்தார்கள். என் கொழுந்தன் மட்டும் முடியும் என்றான். பதினைந்து வருஷம் டவுனில் ஒரு பெரிய பட்டறையில் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, அப்போதுதான் பெம்பானில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தான். திறந்து இரண்டு மாதம். மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கள்தான் அதிகம்.

பிந்திய மாடலிலும் இஞ்சின் அதேதான், டர்போவைக் கொஞ்சம் மாற்றினால் பொருந்தும் என்பது அவன் கணக்கு. எங்கள் லோரியோடு பிறந்த லோரிகள் இன்னும் ஏழெட்டு அந்த ஆலைக்கு வந்துகொண்டிருந்தன. எங்களுடையது ஓடினால் எல்லாம் அவனிடம் வரும். ஓடாவிட்டால் பழைய முதலாளியிடமே போய் வேலை கேட்க வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

புக்கிட் காத்திலைத் தாண்டி, ஜப்பானிலிருந்து பாதி பாதியாக அறுத்து வரும் பழைய வண்டிகளை விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே போய் டர்போவின் நடுப்பாகம் இரண்டு வாங்கி வந்தான். ஒன்று எங்களுக்கு, ஒன்று கையிருப்பு. டர்போ என்பது இரண்டு பக்கமும் சங்கு மாதிரி ஓடு, நடுவில் சுற்றும் ஒரு தண்டு. எங்கள் ஓட்டுக்குள் பிந்திய வருஷத்து நடுப்பாகத்தை வைக்க வேண்டும். புகை போகிற பக்கத்துச் சக்கரம் மயிரிழை பெரியதாக இருந்தது, நுழையவில்லை. அந்தப் பக்கத்து ஓட்டுக்கும் பிந்திய வருஷத்ததையே வாங்கிப் போட்டான். அடுத்தது தண்டு தேயாமல் காக்கும் எண்ணெய். அது மேலே புகுந்து நேர் கீழே இறங்க வேண்டும். புது மாடலில் அந்த வழி சாய்ந்திருந்தது. ஆணிகளைத் தளர்த்தி, நடுப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நேராக்கினான். ஒன்றரை நாள் ஆயிற்று. வெட்டிய குலை தோட்டத்தில் கிடந்து தரம் குறைகிறதே என்று நான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.

மாட்டுவதற்கு முன் பசியாறிவிட்டு வருகிறேன் என்று போனான். புதிதாக எது வந்தாலும், ஒரு வைப்பராக இருந்தாலும், பொட்டு வைக்காமல் எங்கள் லோரியில் ஏறாது. விபூதியையும் சந்தனத்தையும் கெட்டியாகக் குழைத்து, மேஜை மேல் இருந்த டர்போவுக்குப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. அவன் வந்து, சிரித்தபடி மேலே துடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றி மாட்டினான்.

இரண்டு நாள் லோரி பறந்தது. மூன்றாம் நாள் ஆலை வாசலில் நீலப் புகை. வேறு வருஷத்து பார்ட்ஸ் சேராது என்று அப்போதே சொன்னோமே என்று டிரைவர்கள் இறங்கி வந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவனுக்குப் போன் போட்டேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, கேட்டியா? தொழில் பழக உனக்கு என் லோரிதான் கெடச்சதா?"

"வர்றேன் அண்ணி" என்றான். அவ்வளவுதான்.

இழுத்து வந்து பட்டறையில் கழற்றினான். எண்ணெய் புகும் துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் எதையோ நெம்பி எடுத்து, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்தான். பழந்துணியில் துடைத்துப் போட்டுவிட்டு, "வாஷர் சரியா உக்காரல அண்ணி. என் தப்புதான்" என்றான். கையிருப்பில் இருந்த இன்னொன்றை எடுக்க உள்ளே போனான். நான் அந்தத் துணியை எடுத்து முகர்ந்தேன். டீசல் நாற்றத்துக்கு அடியில் சந்தன வாசம்.

எண்ணெய் ஊற்றுவதற்காக அவன் மூடியைக் கழற்றி வைத்திருந்த துளை அது. நான் அதன் மேலேயே பட்டை போட்டு, கையில் மிச்சமிருந்ததையும் அங்கேயே உதறியிருக்கிறேன். எண்ணெய் போகாமல் தண்டு தேய்ந்திருக்கிறது. விசாரிக்க வந்த டிரைவர்களிடமும் அவன் வாஷர் என்றே சொன்னான். தன் லோரியைக் கொண்டுவருவதாக இருந்த ஒருவர், பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டார். அன்று முழுவதும் நான் வாயே திறக்கவில்லை. காய்ச்சலா என்று வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இரவோடு இரவாக அவன் இன்னொன்றை மாட்டிக் கொடுத்தான். மறுநாள் காலை ஆலை வரிசையில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கி, எல்லாரையும் கூப்பிட்டேன்.

"போன தடவ கெட்டது அவன் கையால இல்ல. எண்ணெய் போற ஓட்டையில விபூதியும் சந்தனமும் அப்புனது நான். அது தெரிஞ்சும் அவன் பழிய தன் தலையில போட்டுக்கிட்டான்."

ஒரே சிரிப்பு. "கியர் பாக்ஸுக்குப் பாலாபிஷேகம் எப்போ லா?" என்று ஒருவன் கேட்டான். என் முகம் எரிந்தது. வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். பொறுத்துக்கொண்டேன். இருப்பதிலேயே மூத்த டிரைவர் மட்டும் சிரிக்காமல், அப்படியென்றால் அந்தப் புது மாடல் உள்பாகம் நல்லதுதானா என்று கேட்டார். நான் முன்மூடியைத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டு, நீங்களே பாருங்கள் என்று தள்ளி நின்றேன். அவர் குனிந்து அதன் விசிலை வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார்.

அந்த வாரமே பட்டறையில் இரண்டு லோரி நின்றது. நான் போனபோது கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். என்னிடம் அவன் கோபப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

"நான்தான் மூடி மறைச்சேன்ல அண்ணி. ஏன் போய்ச் சொன்னீங்க? ஆலை பூரா உங்களப் பாத்துச் சிரிக்கிறானுங்க."

"சிரிக்கட்டும். என்னப் பாத்துச் சிரிச்சா எனக்கு ஒண்ணும் போயிடாது. உன்னப் பாத்துச் சிரிச்சா நீ கடைய மூடணும்."

அவன் கண் கலங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் வாசலில் மூன்றாவது லோரி வந்து நின்றது.