நான் கழற்றிய பல்ப்

போர் முடிந்து மூன்றாவது ஆண்டு அது. மன்னார் உப்புக்குளத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கராஜ் போட்டிருந்தேன். வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். பழைய ஒயிலைப் போத்தலில் நாள்கணக்காகத் தெளியவிட்டு, கட்டிக் கிழிந்த சாரத்தின் துண்டில் வடித்துத் திரும்பவும் ஊற்றுவோம். அப்படி நான் ஓட்டிக்காட்டாத எஞ்சினே இல்லை என்ற திமிர் இருந்தது. தடை நீங்கி, கடைகளில் புது ஒயில் அடுக்கியிருந்த காலத்திலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீச மனம் வராது.

அப்போதுதான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. இந்தியாவில் அகதி முகாமில் இருந்து தனியாகத் திரும்பிய ஒருவருடையது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னும் முகாமில்தான். இங்கே ஒரு வீட்டைக் கட்டிவிட்டு அவர்களைக் கூப்பிடுவதாக இருந்தார். வீடு கட்ட ஒரு வழியாகட்டும் என்று வெளிநாட்டில் இருந்த தமையன் வாங்கிக்கொடுத்தது, ஜப்பானில் ஓடிப் பழசான ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார். பறக்கவென்று செய்த எஞ்சின், பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் கோயிலில் இருந்து மாப்பிள்ளை வீடு வரை ஊர்ந்து போகும். பின் சீற்றில் மணப்பெண்ணின் சேலைக்குத்தான் இடம் இருக்கும். ஊர் சிரித்தது. ஆனாலும் எல்லோரும் அந்தக் காரைத்தான் கேட்டார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வருகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வேகத்துக்கு ஏற்றபடி தானாக மாற்றிக்கொள்ளும் ஒரு பகுதி அந்த எஞ்சினில் இருந்தது. அது ஒயிலின் அழுத்தத்தில் இயங்குவது என்பது வரைதான் எனக்குத் தெரியும். கையால் தொட்டதே இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“உந்த வால்வுச் சாமான் சும்மா பாஷனுக்குப் போட்டது, தம்பி. எங்கட வெயிலுக்கு நிண்டு பிடிக்காது. நீங்கள் விட்டிருக்கிற ஒயிலும் தண்ணி மாதிரிக் கிடக்கு” என்றேன்.

அவர் வாங்கி ஊற்றியிருந்த நல்ல ஒயிலில் பாதியை எடுத்துவிட்டு, நான் வடித்து வைத்திருந்த தடித்த ஒயிலை ஊற்றினேன். சத்தம் நின்றது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரங்களில் திரும்பி வந்தார். “அண்ணை, முன்னுக்கு மஞ்சள் லைட் ஒண்டு பத்துது. இழுவையும் குறைவு.”

முன்பலகையைக் கழற்றி, எரிந்துகொண்டிருந்த அந்த எச்சரிக்கை விளக்கின் பல்ப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “இனிப் பத்தாது, போங்கோ.” இருவரும் சிரித்தோம்.

அடுத்த கல்யாணத்துக்கு, கட்டுக்கரைப் பக்கத்தில் இருந்து மணப்பெண்ணைக் கீரிக் கத்தோலிக்கக் கோயிலுக்கு ஏற்றிவரும்போது, மன்னார்ப் பாலத்துக்குக் கிட்ட எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கொதிக்கிற வெயிலில் அந்தப் பிள்ளை வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிப்போனதாம்.

லொறியில் ஏற்றி அனுராதபுரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த சிங்கள மெக்கானிக் ஓரளவு தமிழ் பேசுவார். அந்த வால்வுப் பகுதிக்கு ஒயில் போகும் வழியில் இருந்து, நகமளவு வலை ஒன்றைக் குறட்டால் இழுத்தெடுத்தார். நீல நூலும் கசடும் அதை அடைத்திருந்தன. அடித்தட்டில் ஒயிலை உறிஞ்சும் பெரிய வலையிலும் அதே நீலம். என் சாரத்தின் நீலம்.

“இந்தச் சாமான் நல்லம். ஒயில்தான் மோசம். ஒயில் அடைச்சா முதல்ல இதுதான் சொல்லும். லைட் பத்தினதுதானே?” என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கார்க்காரர் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

“இல்லை, பத்தேல்லை” என்றார்.

“அப்ப நீங்கள் என்ன செய்யிறது, பாவம்” என்று மெக்கானிக் எங்கள் இருவருக்கும் சேர்த்து இரங்கினார்.

திரும்பி வந்ததும் லொறிக் கூலியை என்னிடம் கேட்காமல் அவரே கொடுத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வேறு எஞ்சின் போட அவரிடம் வழியில்லை. கார் துண்டு துண்டாக விலைப்பட்டது. அவர் மேசன் வேலைக்குக் கூலியாளாகப் போய், ஊரில் மற்றவர்களின் வீடுகளைக் கட்டினார். அவருடைய வீட்டுக்கென்று இருந்த வளவில், போட்ட அத்திவாரத்துக்கு மேல் ஒரு கல்லும் ஏறவில்லை. மன்னிப்புக் கேட்கவென்று இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் கண்டபோது, அவராகவே சொன்னார். “மூத்தவளுக்கு அங்க முகாமிலயே கலியாணம் முடிஞ்சுது, அண்ணை. போனிலதான் பாத்தனான்.”

“காரிலயோ கோயிலுக்குப் போனவை?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“இல்லை, நடந்துதான். கிட்டத்தானே.”

இப்போது நான் பழைய ஒயில் வடிப்பதில்லை. எந்த விளக்கையும் கழற்றுவதில்லை. அதனால் அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. அன்றைக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வளவில் ஒரு வீடும் அதற்குள் நான்கு பேரும் இருந்திருப்பார்கள் என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு நாளும் கராஜைத் திறக்கிறேன்.