அடைமழையில் மணப்பாடு வரை ஊதுகாற்றாடி வண்டியில்

கரி வண்டி மழையில் ஓடாது என்று தூத்துக்குடியில் சொல்லாத ஆள் கிடையாது. ஓடும். நான் ஓட்டினேன். போன நவம்பர் கடைசிச் சனிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை நாற்பத்தொன்பது மைல், விட்டுக் கொடுக்காத மழையில், ஆறு மணி பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். இதை எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் போட்ட பிறகு, எல்லாரையும் போல நானும் என் பழைய டாக்ஸிக்குப் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டினேன். ஆள் உயர இரும்பு உருளை. அதில் மரக்கரி கனன்று வாயு வரும், அந்த வாயுவில் இஞ்சின் ஓடும். சாதாரணக் கரி வண்டியில் இஞ்சின் தானே மூச்சிழுத்து அந்த வாயுவை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் சின்ன மேட்டைக் கண்டாலும் பயணிகள் இறங்கித் தள்ளுகிறார்கள். என் வண்டி அப்படியில்லை. முன்னால் ஒரு ஊதுகாற்றாடி இருக்கிறது. இஞ்சினிலிருந்து ஒரு தோல் பெல்ட் அதைச் சுற்றும். அது காற்றைக் குழாய் வழியாகப் பின்னாலுள்ள அடுப்புக்குள் அடித்துத் தள்ளும். நெருப்பு சீறும், வாயு திணறத் திணற வரும். சமதரையில் மணிக்கு முப்பது மைல். இப்படி ஒரு வண்டி ஜில்லாவில் வேறு கிடையாது என்று துறைமுகத்து லாரிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்லாத நாளில் நானே சொல்லுவேன்.

இனி, எதற்காக அந்த மழையில் போனேன் என்பது. என் மகன் சவரிமுத்து நீராவிக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளும் வேலையில் இருக்கிறான். லீவில் வந்திருந்தான். மணப்பாட்டில் இருக்கும் என் அக்கா மகள் அமலியை அவனுக்குக் கட்டுவது என்பது இரண்டு பேரும் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே முடிவானது. கல்யாணத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது அங்குள்ள கத்தோலிக்கக் கோவில் சாமியார், "தடை ஏதாவது உண்டா?" என்று முறைப்படி கேட்டிருக்கிறார். என் அக்கா, "ஒரு தடையும் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டாள். மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிக்கை வாசித்து முடிந்த பிறகு, பேச்சோடு பேச்சாக அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி மகன்தான் என்று. சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

திருச்சபைச் சட்டப்படி அதுதான் தடை. அத்தை மகளைக் கட்ட மேற்றிராணியார், அதாவது பிஷப், கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். எங்களுக்கோ முறைப் பையன், முறைப் பெண் என்பதால்தான் கல்யாணமே. கல்யாணத்துக்குக் காரணமானதைப் போய்த் தடை என்று யார் சொல்லுவார்கள்? இரண்டு குடும்பத்தில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆகமன காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸுக்கு முந்தின அந்த நாலு வாரமும் கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். திங்கட்கிழமை சவரிமுத்து தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போய்க் கப்பலேற வேண்டும். கப்பல் எங்கே போகும் என்று யுத்த காலத்தில் அவனுக்கே சொல்ல மாட்டார்கள். போன தடவை அவனோடு இங்கிருந்து போன மூன்று பேரில் ஒருவன் திரும்பவில்லை. ஆகையால் சனிக்கிழமை நடந்தால்தான் கல்யாணம். நடக்காவிட்டால் அமலி எதற்குக் காத்திருப்பாள், எத்தனை நாள் காத்திருப்பாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்தோம்.

சாமியார் எழுதிக் கேட்டிருந்த அந்தக் கடிதம், தூத்துக்குடி மேற்றிராணியார் வீட்டிலிருந்து என் கைக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தது. வீட்டில் எல்லாரும் வியாழனே மணப்பாடு போய்விட்டார்கள். ரயிலில் போவதென்றால் திருநெல்வேலியைச் சுற்றி, மறுபடி வண்டி மாறி, திருச்செந்தூர் போகவே சாயங்காலமாகிவிடும். சாமியார் நண்பகல் வரைதான் காத்திருப்பார், அதற்குமேல் பூசை வைக்க விதியில்லை. எனவே வண்டிதான். என்னோடு வந்தவர் தொம்மை அண்ணாச்சி. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் தோணிகளின் பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியப் பிசினும் வைத்து அடைப்பவர். என் வண்டியை நம்பாதவர்களில் முதல் ஆள். மழையில் பஸ் நின்றுவிட்டதால், கல்யாணத்துக்கு வர வேறு வழியில்லாமல் ஏறினார்.

காலை 4.40க்கு அடுப்பு மூட்டினேன். அரை மணி நேரம் கனலவிட வேண்டும். அதற்குள் அண்ணாச்சி விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"கடுதாசிய எங்க வே வச்சிருக்கீரு?"

"சட்டைப் பையில."

"சட்டை எங்க இருக்கு? மழையில இருக்கு. குடும் இங்கன."

கடிதத்தைச் சுருட்டி ஒரு மிட்டாய்ப் பாட்டிலுக்குள் போட்டார். தக்கையை அடைத்து, தன் பையிலிருந்த குங்கிலியத்தை என் அடுப்பிலேயே உருக்கி வாயைச் சுற்றிப் பூசினார். "தோணிக்குள்ள தண்ணி ஏறாதுன்னா இதுக்குள்ளயும் ஏறாது" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். 5.10க்குக் கிளம்பினோம்.

ஏரல் பக்கத்துச் சுருக்கு வழியில் ஆறு பெருகிப் பாதை மூழ்கியிருந்தது. அதனால் ஸ்ரீவைகுண்டம் அணைப் பாலம் வழியாகச் சுற்று. அது வரைக்கும் இருபது மைல். சாரல் தாங்காமல் இரண்டு பக்கமும் கான்வாஸ் திரையை இறக்கிக் கட்டிக்கொண்டோம். இது நான் செய்த முதல் மடத்தனம். ஏழெட்டு மைல் போனதும் எனக்குத் தலை வலித்தது. அண்ணாச்சி செத்துப்போன தன் அப்பாவோடு சாவகாசமாகப் பேசத் தொடங்கினார். ஊதுகாற்றாடி தள்ளுகிற வேகத்தில் அடுப்பின் இடுக்குகளில் கரிவாயு கசியும். திறந்த வண்டியில் காற்றோடு போய்விடும், மூடிய வண்டியில் அது ஆளைத் தின்றுவிடும். வண்டியை நிறுத்தித் திரைகளை அறுத்தெறிந்தேன். பத்து நிமிஷம் மழையில் நின்ற பிறகு அண்ணாச்சிக்குத் தெளிந்தது. மீதி நாற்பது மைலும் நனைந்துகொண்டே போனோம். பாட்டிலின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

7.30க்கு அணைக்கட்டு. பாலத்துக்கு ஏறுகிற சரிவில் பாதி ஏறியிருப்போம், காற்றாடியின் இரைச்சல் அப்படியே தணிந்தது. வண்டி இரண்டு முறை விக்கி நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் தோல் பெல்ட் ஊறிப்போய்ச் சக்கரத்தின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. துடைத்தேன், இறுக்கினேன். மறுபடி வழுக்கியது. ஓலைக்குடையோடு பாலத்துக் காவல்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தண்ணி ஏறிக்கிட்டே வருது. அரை மணி பாப்போம். அதுக்கு மேல வண்டி விட மாட்டோம். தள்ளிக்கிட்டுப் போனாலும் சரி, திரும்பிப் போனாலும் சரி."

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே ஊதுகாற்றாடியைப் பற்றிப் பெருமையடித்தேன் அல்லவா? அது என் யோசனை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது சவரிமுத்து ஒரு சிமிட்டிப் பையின் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். கப்பல் அடுப்புக்கு இப்படித்தான் காற்றடிக்கிறார்கள், உங்கள் வண்டிக்கும் வைக்கலாம் என்றான். "கப்பல் உனக்கு, கார் எனக்கு, போலே" என்று சொல்லிவிட்டேன். அவன் போன மறுமாசம் பழைய கப்பல் சாமான் கடையில் காற்றாடி வாங்கி, அந்தப் படத்தைப் பார்த்தே வைத்தேன். ஊரெல்லாம் என் மூளை என்றேன். இந்தத் தடவை வந்தவன் அதைப் பார்த்தான். உரிமை கொண்டாடவில்லை. பெல்ட்டை மட்டும் விரலால் தடவிவிட்டு, "ஈரமானா வழுக்கும்ப்பா. கப்பல்ல இது கூரைக்குள்ள இருக்கும். இங்க மழை உண்டும்லா" என்றான். அதற்கும் அவனைத் திட்டினேன். பாலத்துச் சரிவில் நிற்கும்போது அது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை, பெல்ட்டைப் பார்த்தார். "ஒட்டணும், அவ்வளவுதான வே? அதுதான நம்ம தொழிலு" என்றார். குங்கிலியக் கட்டி ஒன்றைக் கல்லில் வைத்து நுணுக்கினார். கல்யாணத்தில் உடுத்தக் கொண்டுவந்து சீட்டுக்கு அடியில் வைத்திருந்த தன் புது வேட்டியை எடுத்துப் பெல்ட்டை ஒட்டத் துடைத்து, பொடியை உள்பக்கம் முழுக்கத் தூவினார். கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினேன். சூட்டில் பொடி இளகிப் பெல்ட் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. காற்றாடி கத்தியது. அந்த மாதிரி அது அதற்கு முன் கத்தியதில்லை. 8.05க்குப் பாலம் தாண்டினோம். பாலத்தின் கீழே ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தேன், காவல்காரர் கட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

8.25க்கு ஆழ்வார்திருநகரி. ஒரு ஓட்டலின் தாழ்வாரத்துக்குள் வண்டியின் பின்பக்கத்தை நுழைத்து, நனையாமல் கரி நிரப்பினேன். உள்ளே இட்லி ஆவி பறந்தது. நாங்கள் இருவரும் பூசையில் நன்மை என்கிற நற்கருணை வாங்க வேண்டியவர்கள், நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. ஓட்டல்காரருக்கு நாங்கள் சாப்பிடாதது கஷ்டமாகிவிட்டது.

"தாழ்வாரத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போறீகளே அண்ணாச்சி. ஒரு காப்பியாவது?"

"கோவிலுக்குப் போறோம். விரதம்" என்றேன்.

"கோவிலு இங்கனதான இருக்கு."

"எங்க கோவிலு இன்னும் இருபத்தாறு மைலு."

அவர் சிரித்துவிட்டு, வரும்போது வாங்க என்றார். மணப்பாட்டிலும் இதே கதைதான் என்று நினைத்துக்கொண்டேன். அமலி, சவரிமுத்து, சாமியார் மூவரும் வெறும் வயிற்றோடு எங்களுக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

குரும்பூர்ப் பக்கம் இருநூறு கெஜ தூரம் ரோட்டின் மேல் தண்ணீர். அண்ணாச்சி பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கம்பால் ஆழம் பார்த்தபடி முன்னால் நடந்தார். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அடுப்பின் சாம்பல் கதவுக்கு நாலு விரல் கீழே. நின்றால் தொலைந்தோம் என்று நிற்காமல் ஓட்டினேன். திருச்செந்தூரில் மணி 10.40.

அதற்கப்புறம் பதினோரு மைல். குலசேகரன்பட்டினம் வழியாகத் தேரி மணல் குறுக்கிடும் பாதை. என் வண்டி வெயில் காலத்தில் அங்கே மூன்று தடவை அச்சு வரை புதைந்திருக்கிறது. வழியெல்லாம் நான் பயந்தது அதற்குத்தான். ஆனால் எங்களை அன்று முழுக்கப் படுத்திய மழை அங்கே எங்களுக்கு ரோடு போட்டு வைத்திருந்தது. நனைந்து இறுகிய மணலில் சக்கரம் தடமே பதியாமல் ஓடியது. இருபத்தைந்து மைல் வேகம். அண்ணாச்சி முதல் தடவையாக என் வண்டியைப் பற்றி, "பரவால்ல" என்றார்.

11.20க்குக் கோவில் வாசல். சாமியார் கையில் கடிகாரத்தோடு நின்றார். நாங்கள் இருவரும் கடலிலிருந்து இழுத்துப் போட்டவர்கள் மாதிரி இருந்தோம். அண்ணாச்சி பேனாக்கத்தியால் குங்கிலியத்தைச் சுரண்டித் தக்கையைப் பிடுங்கினார். கடிதத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. சாமியார் நின்றபடியே வாசித்துவிட்டு, "மணி அடிங்க" என்றார். உள்ளே நாற்காலியில் வாடி உட்கார்ந்திருந்த அமலி எழுந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மாப்பிள்ளைக் கோட்டில் வந்த சவரிமுத்து என்னிடம் வரவில்லை, வண்டியின் மூடியைத் தூக்கினான். பெல்ட்டைத் தொட்டு மோந்து பார்த்தான்.

"குங்கிலியமாப்பா?"

"ஆமா. நீ சொன்னது சரிதாம்லே. வழுக்கிச்சு."

அவன் என் ஈரச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனான். பூசை 11.40க்குத் தொடங்கியது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. என் அக்கா புருஷன், "என்ன இருந்தாலும் மச்சான் மூளைக்கு ஈடு கிடையாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். இரண்டு வருஷமாக எனக்குப் பிடித்த பேச்சு அது. சும்மா இருந்திருக்கலாம்.

"அது என் மூளை இல்ல அத்தான். இவன் மூளை. படம் போட்டுத் தந்தான். நான் திட்டிட்டு, திருட்டுத்தனமா செஞ்சேன்" என்றேன்.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்கப்பா" என்றான். அமலி விடவில்லை. அவனை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். என் வண்டி அதுவரை சம்பாதித்ததெல்லாம் ஒரு பக்கம், அந்தப் பார்வை ஒரு பக்கம்.

கரி வண்டியில் மழைக்காலத்தில் தெற்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: போக வர நாலு மூட்டைக் கரி வேண்டும், எங்கள் பக்கம் மூட்டை ஒன்றே கால் ரூபாய். அதைத் தோணிப் பாயால் மூடுங்கள், சாக்கால் மூடினால் பாதி கரி பாழ். திரையை இறக்காதீர்கள், நனைந்தவன் காய்ந்துவிடுவான். நாட்டு மருந்துக் கடையில் இரண்டணாவுக்குக் குங்கிலியம் வாங்கி நுணுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மணல் பாதைக்கு மழை நாளே நல்ல நாள். அவசரக் காகிதம் இருந்தால் பாட்டிலில் அடையுங்கள். அத்தை மகளைக் கட்டுவதாக இருந்தால் சாமியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சவரிமுத்து திங்கட்கிழமை போய்விட்டான். கொழும்பிலிருந்து ஒரு கார்டு வந்தது, அதற்கப்புறம் இல்லை. தோணிக்குப் பெயர் எழுதுகிறவரைக் கூப்பிட்டு, வண்டியின் பின்னால் அடுப்பின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் 'காற்றாடி: சவரிமுத்து' என்று எழுதி வைத்திருக்கிறேன். நிறுத்துகிற ஊரிலெல்லாம் யாராவது அதைப் படித்துவிட்டு, "யாரு அண்ணாச்சி சவரிமுத்து?" என்று கேட்கிறார்கள். "என் மகன். கப்பல்ல இருக்கான்" என்கிறேன். அதைச் சொல்லுவதற்காகவே இப்போதெல்லாம் நிறுத்த வேண்டாத ஊரிலும் வண்டியை நிறுத்துகிறேன்.