அண்ணனுக்குக் கொடுத்த இழுப்பு மாத்திரை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஆலங்குடிக் கம்பவுண்டர் அதற்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். போட்டால் மூச்சு சீராகும். கூடவே நெஞ்சு படபடக்கும், தூக்கம் போன இடம் தெரியாது. அந்த மாத்திரையைத்தான் அண்ணனுக்குக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு எனக்கு.

மதுவிலக்குக் காலம். முந்திரிக்காட்டுக்குள் கள்ளச்சாராயம் காய்ச்சுவார்கள். அன்றைக்கு இலுப்பூரிலிருந்து பெண் வீட்டார் அண்ணனைப் பார்க்க வருகிறார்கள். இவன் காலையிலேயே குடித்துவிட்டுக் கொல்லைப்புறமாகத் தள்ளாடி வந்தான். ஆத்தா அடுப்படியில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

"பஸ்சு வந்துரும்ணே! இன்னைக்கித்தானா ஒனக்குக் குடிக்கணும்?" என்று திட்டிக்கொண்டே தலையில் தண்ணீர் ஊற்றினேன். அப்போதும் கண் சொருகியது. மாத்திரை இரண்டை விழுங்க வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆள் தெம்பாக எழுந்துவிட்டான். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாயில் ஏலக்காய். வந்தவர்களிடம் கலகலவென்று பேசினான். "மாப்பிள்ளை ரொம்பச் சுறுசுறுப்புங்க" என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள்.

போதை தெளிந்துவிட்டதாக அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். அவர்களை பஸ் ஏற்றிவிட்டு மறுபடியும் முந்திரிக்காட்டுக்குப் போயிருக்கிறான். எவ்வளவு குடித்தும் ஏறவே இல்லையாம். பொழுது சாயத் திரும்பியவன், "நெஞ்சு பிச்சுக்கிட்டு அடிக்குது ஆத்தா" என்று வாசலிலேயே விழுந்தான்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "சாராயத்தோட வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஆத்தா பக்கத்தில் நின்றாள், அந்தப் பயம். விடியுமுன் போய்விட்டான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானோ என்னவோ. அந்த 'என்னவோ' இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

பிறகு, யாருக்கோ கேட்பதுபோலக் கம்பவுண்டரிடம் கேட்டேன். "ஐயையோ, ரெண்டையும் சேக்கவே கூடாதும்மா. மாத்திரை மயக்கத்தைத்தான் மறைக்கும், உள்ள போன சாராயம் அப்புடியே இருக்கும். ஏறலையேன்னு மேல மேல குடிப்பாங்க. நெஞ்சு தாங்குமா?" என்றார்.

ஆத்தா பழியைப் பெண்மேல் போட்டாள். அவளைப் பேசி முடித்த அன்றே மகனைக் காவு வாங்கிவிட்டாளாம். மறுவருடம் அந்தப் பெண்ணை வேறிடத்துக்குக் கேட்டவர்கள் எங்கள் வீட்டுக்கே விசாரிக்க வந்தார்கள். "ராசி கெட்டவ. எம்புள்ளையத் தின்னவ" என்று ஆத்தா அழுதாள்.

வந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "அப்புடியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.