ஜப்பான் கடற்கரையில் பாட்டுக்குப் பயந்து ஓடினேன்

போன வருஷம் மார்ச் மாதக் கடைசியில், ஷார்ஜாவில் பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த லீவில், ஜப்பானில் கமகுரா என்கிற சின்னக் கடலோர ஊரில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் பட்ட பாடு புரியாது. எனக்கு நாகப்பட்டினம் பக்கத்தில் கடற்கரைக் கிராமம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துபாய் வந்து சோனாப்பூர் லேபர் கேம்பில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேராகப் படுத்து எழுந்து, கட்டட வேலை பார்த்து, அப்புறம் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் ஹெல்பராகச் சேர்ந்தேன். இன்று அதே தெருவில் எனக்கு நான்கு கடைகள். ஜப்பானில் ஓடின பழைய கார்களைப் பாதியாக வெட்டிக் கன்டெய்னரில் அனுப்புவார்கள். அதை இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு என்று பிரித்து விற்பதுதான் தொழில். என் கண்ணைக் கட்டிவிட்டாலும் கையால் தடவியே எந்த வண்டியின் கியர்பாக்ஸ் என்று சொல்லிவிடுவேன். டிகிரி படித்தவர்கள் ஐந்து பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இத்தனை வருஷ ஜப்பான் வியாபாரத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்த நாட்டுக்குப் போயிருந்தேன். சரக்கு அனுப்புகிறவர் துறைமுகத்து யார்டில் வேலை முடிந்த பிறகு என்னைக் கமகுராவுக்கு அழைத்துப்போய் அரை நாள் சுற்றிக் காட்டினார். அந்த அரை நாளை வைத்துக்கொண்டு பேத்தியிடமும் பேரனிடமும் பல வருஷம் கதை சொல்லியிருக்கிறேன். பெரிய புத்தர், விளையாட்டு ரயில் மாதிரி வீடுகளுக்கு நடுவே போகும் குட்டி ரயில், எதிரே கடல். ‘ஜப்பான் எனக்கு உள்ளங்கை மாதிரி’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

அதனால் என் மகன் வியாபார விஷயமாக டோக்கியோ போக வேண்டி வந்தபோது, குடும்பத்தோடு நானும் கிளம்பினேன். அங்கே போனதும் மருமகளுக்குக் காய்ச்சல். மகனுக்கோ மீட்டிங். பிள்ளைகளை நான் கூட்டிப்போகிறேன் என்றேன். மகன் தயங்கினான். நான் விடவில்லை. எட்டு வயதுப் பேரனையும் பதின்மூன்று வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கமகுராவுக்கு ரயில் ஏறினேன்.

ரயிலை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பேத்தியின் போனை வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதுதான். ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும், போனில் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

“மேப் மட்டும் பாத்துக்கறேன் தாத்தா, ப்ளீஸ்.”

“மேப்பா? சோனாப்பூர்லேருந்து நாலு கடை வரைக்கும் நான் மேப் பாத்தா வந்தேன்? பின்னாடியே வா.”

முதல் தடுமாற்றம் புத்தர் முன்னால் வந்தது. வீடு உயரத்துக்கு வெண்கலப் புத்தர், மேலே கூரை எதுவும் இல்லாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இப்படி வெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று பேரன் கேட்டான். காற்றோட்டத்துக்காக என்று நான் விளக்கம் சொன்னேன். பேத்தி அங்கிருந்த பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“காத்தோட்டம் எல்லாம் இல்ல தாத்தா. முன்னாடி இவருக்கு மேல பெரிய ஹால் இருந்துச்சாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி சுனாமி வந்து அடிச்சிட்டுப் போயிடுச்சாம். அதுலேருந்து இப்படியே உக்காந்திருக்காராம்.”

பேரன் கைதட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை நான் என் வீட்டில் யாரும் உச்சரிக்க விடுவதில்லை. ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதும் இல்லை. கடல் அங்கிருந்து கண்ணுக்குக்கூடத் தெரியாது. இவ்வளவு தூரமா வந்தது என்று நினைத்தபோதே பேரன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஊர் தெரியவில்லை, கம்பங்கள்தான் தெரிந்தன. போன தடவை நான் பார்க்கவே இல்லையா, பார்த்தும் மறந்துவிட்டேனா, தெரியாது. மின்கம்பங்களில் பலகைகள். கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதாகப் பேத்தி சொன்னாள். அலையிலிருந்து ஓடுகிற மனிதன் படம் போட்டு அம்புக்குறி வேறு. கடலை நோக்கி நடக்க நடக்க அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். பேரன் கேட்கவில்லை, கடல் பார்க்க வேண்டும் என்று முன்னால் ஓடினான். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், பச்சை ஏப்ரன் கட்டியிருந்தார். பிறகு தண்டவாளத்தைத் தாண்டி மணலுக்குப் போனோம்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வழக்கமாகவே இவ்வளவு உள்வாங்கித்தான் இருக்குமா, இப்போதுதான் உள்வாங்குகிறதா? யாரைக் கேட்பது? பேரன் செருப்போடு ஈர மணலில் ஓடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தலைக்கு மேலே கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்து ஒரு இசை. மெதுவான, சோகமான இசை. ஒரு கம்பத்திலிருந்து கேட்டு முடிவதற்குள் தூரத்துக் கம்பம் அதையே திரும்பச் சொல்ல, ஊர் முழுக்க எதிரொலித்தது. அதன் பிறகு ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ அறிவித்தது.

நான் யோசிக்கவில்லை. பேரனைத் தூக்கித் தோளில் போட்டேன். பேத்தியின் கையைப் பிடித்தேன். ஓடினேன்.

“தாத்தா, என்னாச்சு? சொல்லுங்க தாத்தா!”

“பேசாத! மேல போகணும், மேல!”

தண்டவாளத்துக்கு வந்தால் தடுப்புக்கட்டை இறங்கிவிட்டது. டிங் டிங் என்று மணி. எதிரே ஐம்பது அடியில் மேட்டுக்குப் போகும் படிக்கட்டு, நடுவில் அந்தக் கட்டை. அதைத் தூக்கிவிட்டுப் பாய்ந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி கையை வைத்தேன். குட்டி ரயில் ஆடி அசைந்து எங்களைக் கடந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாவகாசமாகக் கடல் பக்கமே போகிறார்கள். “யல்லா, யல்லா! ஜல்தி!” என்று அவர்களைப் பார்த்துக் கத்தினேன். கடையில் ஆட்களை விரட்டுகிற பாஷைதான் வாயில் வந்தது. அவர்கள் மரியாதையாகத் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர் மேல் ஆசை இல்லையா என்ன?

கட்டை எழுந்ததும் படியேறினேன். அறுபத்திரண்டு வயதில், தோளில் எட்டு வயதுப் பிள்ளையோடு. பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் அந்த மீன் கடைக்காரம்மா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு எங்கள் பின்னால் ஓடிவருகிறார். “பாத்தியா, உள்ளூர்க்காரங்களே ஓடி வர்றாங்க!” என்றேன். பேத்தி அதுவரை என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தவள், அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள்தான் எனக்கு முன்னால் ஓடினாள்.

உச்சியில் ஒரு சின்னக் கோயில். அங்கே பேரனை இறக்கிவிட்டுத் திரும்பிக் கடலைப் பார்த்தேன். கடல் அப்படியே இருந்தது. கடைக்காரம்மா மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். அவர் கையில் ஒரு செருப்பு. பேரனுடைய செருப்பு. வழியில் கழன்று விழுந்திருக்கிறது. அதைக் கொடுக்கத்தான் ஓடி வந்திருக்கிறார்.

நான் கடலைக் காட்டி, கையால் பெரிய அலை மாதிரி காட்டினேன். அவர் ஒலிபெருக்கிக் கம்பத்தைக் காட்டினார், பேரன் தலையைத் தொட்டார், இரண்டு கையையும் கூரை மாதிரி குவித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினாள். நான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். நான்கு கடை முதலாளி, இரண்டு கையாலும்.

பேத்தி நீட்டிய போனில் அந்த அம்மா ஜப்பானிய மொழியில் பேசினார். போன் அதை இங்கிலீஷில் சொன்னது. பேத்தி கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.

“சுனாமி இல்ல தாத்தா. டெய்லி ஈவினிங் போடற பாட்டாம். இருட்டப் போகுது, பசங்க எல்லாம் வீட்டுக்குப் போங்கன்னு சொல்றதாம். ஸ்பீக்கர் ஒர்க் ஆகுதான்னு செக் பண்ண மாதிரியும் ஆச்சாம்.”

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். “தாத்தா பாட்டுக்குப் பயந்துட்டாரு!” நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா போகவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு போனில் இன்னும் ஏதோ சொன்னார்.

“என்னம்மா சொல்றாங்க?”

“நிஜமா வந்தாலும் இதே படியிலதான் ஏறணுமாம். இப்படியே ஓடுங்கன்னு சொல்றாங்க. கிண்டலா, சீரியஸான்னு தெரியல தாத்தா.”

எனக்கும் தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எழுந்து என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். பேரன் ஒற்றைச் செருப்போடு குனிந்தான். அவர் கடையைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார்.

ஏன் அழுகிறீர்கள் என்று பேத்தி கேட்ட பிறகுதான் நான் அழுவதே எனக்குத் தெரிந்தது. அன்று அந்தப் படியில் உட்கார்ந்து முதல் தடவையாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ஷார்ஜாவில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடை டிவியில் எங்கள் கடற்கரையைக் காட்டுகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். ஊருக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. என் மனைவியும் மகனும் அன்று வெளியூரில் அவள் தாய்வீட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். என் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் மணலில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடல் உள்வாங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதாக, தப்பித்தவர்கள் சொன்னார்கள். ஒருவனுக்குப் பதினொன்று, ஒருவனுக்கு எட்டு.

பேரன் சிரிப்பை நிறுத்திவிட்டான். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“உங்க ஊர்ல அன்னிக்குப் பாட்டுப் போடலையா தாத்தா?”

இல்லடா, போடவில்லை என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். திரும்பும் வழி முழுக்கப் பேத்தி போனைப் பார்த்து வழி சொன்னாள், நான் பின்னாலேயே நடந்தேன்.

இதை நான் மறைக்கவில்லை. ஷார்ஜா வந்ததும் கடையில் நானே சொன்னேன். எங்கள் கடைக்குப் பக்கத்து ஃபேக்டரியில் சாயங்காலம் டூட்டி முடிகிற சைரன் அடிக்கும். இத்தனை வருஷமும் அது என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அது அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு போன் செய்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் ஃபோர்மேன், “மொதலாளி, பாட்டு வந்துருச்சு, ஓடலியா?” என்று கிண்டல் செய்கிறான். செய்துகொள்ளட்டும். அன்று நான் ஓடியது முட்டாள்தனமா, சரியா, அந்த அம்மா என்னைப் பாராட்டினாரா, கேலி செய்தாரா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் சைரன் ஓய்ந்து, “வீட்டுக்கு வந்துட்டோம் தாத்தா” என்று இரண்டு குரலும் காதில் விழுகிற வரைக்கும் என்னால் கடை ஷட்டரை இறக்க முடிவதில்லை.